நடுவில் நிற்பவள்

ஜோடியாக இருந்தவை எல்லாம் ஆளுக்கு ஒன்றாகப் பிரிந்தன. குத்துவிளக்கில் ஒன்று அண்ணனுக்கு, ஒன்று தம்பிக்கு. தேக்கு நாற்காலியும் அப்படியே. ஊஞ்சலில் பலகை தம்பிக்கும் சங்கிலி அண்ணனுக்கும் போயிற்று. பங்கு வைக்க வந்திருந்தவர் காசிலிங்கம் அண்ணாச்சி. தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பிரித்த வீட்டில் யாரும் கோர்ட்டுக்குப் போனதில்லை என்று திருநெல்வேலியில் ஒரு பெயர் இருந்தது.

வீட்டின் பெரிய கூடமான பட்டாசலின் வடக்குச் சுவரோரம் இடுப்புயரத்துக்கு நின்ற இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை அவர் கடைசியாகத்தான் பார்த்தார்.

"பெட்டி ரெண்டு, பிள்ளை ரெண்டு. இதுல யோசிக்க என்ன இருக்கு? கிழக்க நிக்கது மூத்தவனுக்கு, மேற்க நிக்கது இளையவனுக்கு. எடுத்து மாத்தக்கூட வேண்டாம். வீட்டை ரெண்டாக்குத சுவரு நடுவுலதான வருது."

"அது ரெண்டும் சேந்தாத்தான் அண்ணாச்சி ஒண்ணு" என்றான் இளையவன் மகேஸ்வரன். "ஒத்தைப் பெட்டியில பாதிப் பாட்டுதான் கேக்கும்."

"குத்துவிளக்கும் ஜோடிதான். ஒண்ணை மட்டும் ஏத்துனா வெளிச்சம் வராதாடே?"

எல்லோரும் சிரித்தார்கள். மூத்தவன் அருணாசலமும் சிரித்தான். பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மகேஸ்வரனுக்கு அதை விளக்கிச் சொல்லத் தெரியும். ஆனால் சொல்ல வேண்டிய உண்மையான காரணம் இயற்பியலில் இல்லை. அதை அத்தனை பேர் நடுவில் சொல்ல முடியாது. சூடம் ஏற்றினார்கள். பங்கு மாறமாட்டோம் என்று அண்ணனும் தம்பியும் சுடர்மேல் கை வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

காரணம், அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அவன் மனைவி நீலாம்பாள்.

அந்தப் பெட்டிகள் அவர்களின் அப்பா வாங்கியவை. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் மேலாளராக இருந்த ஒருவர் ஊரைக் காலி செய்துகொண்டு போனபோது, மலையிலிருந்து லாரியில் போர்வை சுற்றி இறக்கிக்கொண்டு வந்தார். வெளிநாட்டுப் பெட்டிகள். அவற்றைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. இரண்டும் சேர்ந்து பாடும்போது குரல் எந்தப் பெட்டியிலிருந்தும் வருவதாகத் தெரியாது. இரண்டுக்கும் நடுவே, வெறும் சுவருக்கு முன்னால், ஒருவர் வந்து நின்று பாடுவதுபோல் இருக்கும். கையை நீட்டினால் பாடுபவரின் தோளைத் தொட்டுவிடலாம் என்று தோன்றும். சிறுவயதில் மகேஸ்வரன் அப்படி நீட்டியும் பார்த்திருக்கிறான்.

நீலாம்பாளுக்கு நிறைமாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோயிற்று. பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் அவளுக்கு மயக்கம் தெளிவதற்குள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. சோற்றைப் பிசைவாள், உருட்டுவாள், வைத்துவிடுவாள். உளுந்தஞ்சோறு, சொதி, மிளகு ரசம் எதைக் கொண்டுவந்தாலும் தட்டு அப்படியே திரும்பிப் போகும்.

ஒரு சாயங்காலம் மகேஸ்வரன் ஏதோ ஒரு கேசட்டைப் போட்டான். அட்டை தொலைந்துபோன பழைய கேசட். யாரோ ஒரு சின்னப் பெண் முருகன் பாட்டுப் பாடியிருந்தாள். கொஞ்சம் மூக்கடைத்த குரல். உச்சத்துக்குப் போகும்போது மூச்சு வாங்குவதும் கேட்கும். நீலாம்பாள் எழுந்து வந்து பட்டாசலின் நடுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். பாட்டு முடியும்வரை எதிரே ஓரிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் முகம் வரும் உயரத்தில் அவள் பார்வை இல்லை. அதைவிடத் தாழ்வாக, ஒரு பிள்ளையின் முகம் இருக்கக்கூடிய உயரத்தில் இருந்தது.

"இன்னொரு தடவ போடுங்க" என்றாள்.

போட்டான். தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். அவள் பார்வையை எடுக்காமலே சாப்பிட்டாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. அவள் எதைப் பார்க்கிறாள் என்று மகேஸ்வரன் கேட்கவில்லை. கேட்டால் அது போய்விடும் என்று பயந்தான்.

அந்தப் பார்வையைக் கண்டு அண்ணன் மனைவி வேணியும் பயந்தாள். அவள் மகள் சித்ரலேகா தலைப்பிரசவத்துக்கு ஏரலிலிருந்து வந்திருந்தாள்.

"நான் குத்தமா சொல்லல தம்பி" என்றாள் வேணி, ஒருநாள் அவனைப் புறவாசலில் நிறுத்தி. "வயித்துப்பிள்ளைக்காரி நடமாடுத வீடு. இவ என்னடான்னா ஒண்ணுமில்லாத இடத்தப் பாத்து உக்காந்திருக்கா. நேத்து சிரிக்கவும் செஞ்சா. எனக்கு ஈரக்குலை நடுங்குது."

அப்படித்தான் பங்கும் சுவரும் வந்தன. கொத்தனார்கள் பட்டாசலை நடுவாகக் கயிறு பிடித்து அளந்தார்கள். கயிறு இரண்டு பெட்டிகளுக்கும் சரி நடுவில் போயிற்று. தூண் சுவருக்குள் போய்விட்டது.

சுவர் முடிந்த அன்று சாயங்காலம் மகேஸ்வரன் இரண்டு பக்கத்துப் பாட்டையும் ஒன்றாக இணைத்து ஒற்றைப் பெட்டியில் கேசட்டைப் போட்டான். பாட்டில் எதுவும் குறையவில்லை. நீலாம்பாள் கொஞ்ச நேரம் நின்று கேட்டாள்.

"யாரோ பெட்டிக்குள்ள இருந்து பாடுதா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

வண்ணார்பேட்டையில் பஸ் திரும்பும் இடத்தில் தாஜ் முகம்மதுவின் ரேடியோ கடை. டேப் ரிக்கார்டரும் ஆம்ப்ளிஃபையரும் அவரே பூட்டிக் கொடுப்பார். மகேஸ்வரன் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார்.

"சார், உமக்கு ஸ்பீக்கர் வேணுமா, இல்ல இருக்க ஸ்பீக்கருக்கு மாப்பிள்ளை வேணுமா?"

"மாப்பிள்ளைதான் பாய். அச்சு அசலா அதே மாதிரி."

"அப்ப ஜாதகம் பாக்கணும். பெட்டியைக் கொண்டாரும்."

ஆட்டோவில் கொண்டுபோனான். தாஜ் முகம்மது அதைக் குப்புறப் போட்டு, திருகுகளைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். அதே அளவில் தச்சரிடம் பெட்டி சொல்லி, கிடைத்ததில் நெருக்கமான ஸ்பீக்கர் கோன்களை மதுரையிலிருந்து வரவழைத்துப் பூட்டினார். பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள்தான். பாதியான பட்டாசலில் அவற்றை நிறுத்திப் பாட்டைப் போட்டபோது குரல் நடுவில் நிற்கவில்லை. பழைய பெட்டிப் பக்கம் சாய்ந்து சாய்ந்து போயிற்று. சில எழுத்துகளில் இந்தப் பக்கம் வந்து, சட்டென்று அந்தப் பக்கம் ஓடியது.

"நொண்டுதாளே" என்றாள் நீலாம்பாள். அவள் முகத்தில் ஒரு வலி வந்தது. "நிறுத்திருங்க. அந்தப் பிள்ளையப் போட்டு இழுக்காதீங்க."

தாஜ் முகம்மது மாற்றி மாற்றிப் பார்த்தார். பெட்டிக்குள் பஞ்சை அடைத்தார், எடுத்தார். கீச்சுக்குரலுக்கு உள்ள சின்ன ஸ்பீக்கரை மாற்றினார். கனத்த கம்பி போட்டார். பிறகு கையை விரித்தார்.

"இது நடக்காது சார். ரெண்டையும் தூக்கிப் போட்டுட்டுப் புது ஜோடியா வாங்கிரும். இப்ப சினிமாவுக்குன்னே வந்திருக்கு. ஆளுயரப் பெட்டி, பின்னால ரெண்டு, நடுவுல ஒண்ணு. வில்லன் முதுகுக்குப் பின்னால வந்து நிப்பான்."

"நடுவுல ஒண்ணா?"

"ஆமா. பேச்சு எல்லாம் நடுப்பெட்டியிலதான்."

அந்த ஒரு வார்த்தைக்காக மகேஸ்வரன் அதை வாங்கினான். பைக்கை விற்றுவிட்டுக் கல்லூரிக்குப் பஸ்ஸில் போனான். சென்னையிலிருந்து பெட்டிகள் வந்து இறங்கிய ஞாயிற்றுக்கிழமை தெருவே வந்துவிட்டது. தாஜ் முகம்மது கையோடு ஒரு படத்தைக் கொண்டுவந்திருந்தார். படத்தில் மழை பெய்தபோது பிள்ளைகள் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். குதிரைகள் ஓடியபோது பரணில் இருந்த செம்புகள் அதிர்ந்தன. "என்ன சத்தம் வே, தியேட்டர்ல போய்த் துட்டக் குடுக்கணுமாக்கும்" என்று பக்கத்து வீட்டுக்காரர் மகேஸ்வரனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். நீலாம்பாள் அடுப்படி மூலையில் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு குந்தியிருந்தாள்.

"இத்தனை குதிரைய எதுக்கு வீட்டுக்குள்ள விட்டீங்க?" என்றாள். "அவ பயந்துருவால்லா?"

கூட்டம் போனபின் அவன் கேசட்டைப் போட்டான். குரல் நடுப்பெட்டியிலிருந்து தெளிவாக, பளிங்குபோல வந்தது. சிறுமி மூச்சு வாங்குவது முன்னைவிட நன்றாகக் கேட்டது. நீலாம்பாள் தலையை ஆட்டினாள்.

"இதும் பெட்டிதான்."

அவளுடைய வளையல்கள் முழங்கைக்கு ஏறி நின்றன. ரவிக்கை தோளில் தங்கவில்லை. டாக்டர் அவள் நாடியைப் பிடித்துக்கொண்டு மகேஸ்வரனைப் பார்த்தார். இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டிவரும், அதுவும் எத்தனை நாளைக்கு என்றார். ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டதும் நீலாம்பாள் மகேஸ்வரனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். வீடு வரும்வரை விடவில்லை.

ஆற்றுப் பாலத்தில் பஸ் போகும்போது மகேஸ்வரன் கீழே தண்ணீரைப் பார்த்தான். அதில் ஒரு பாதிதான் ஓடுவதுபோல இருந்தது. மறு பாதியை யாரோ எடுத்து அடுத்த ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள். கரையில் துணி துவைப்பவர்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அண்ணன் வீட்டுக்கு அவன் போய் வெகு நாளாகியிருந்தது. உள்வாசல் கிடையாது. தெருவில் இறங்கித்தான் ஏற வேண்டும். சித்ரலேகா ஆண் குழந்தை பெற்று, ஏரலுக்குத் திரும்பிவிட்டிருந்தாள். கிழக்குப் பெட்டி அதே இடத்தில் நின்றது. அதன்மேல் பூ வேலை செய்த துணி விரித்து டெலிபோனை வைத்திருந்தார்கள்.

"பெட்டியைக் குடுங்க அண்ணாச்சி" என்றான் மகேஸ்வரன், உட்காராமலே.

"எது, போன் ஸ்டாண்டா?"

"விளையாடாதீங்க. அவ சாப்பிட மாட்டேங்கா. செத்துப்போவா."

அருணாசலம் பேப்பரை மடித்துவைத்தான். வேணிதான் பேசினாள். "சூடத்துல கை வச்சிருக்கு தம்பி. பங்கு வச்ச பொருளச் சும்மா தூக்கிக் குடுத்தா பங்கு முறிஞ்சு போச்சுன்னுல்லா அர்த்தம். எங்க வீட்டுல இப்பதான் ஒரு பிள்ளை பிறந்திருக்கு."

"சும்மா வேண்டாம் மதினி. மாத்திக் குடுக்கேன். எது வேணும்னாலும் கேளுங்க."

அண்ணனும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் தொண்டையைச் செருமினான்.

"புறவாசல்ல கிணறு பொதுவுல கிடக்கு. அதுலயும் பாதையிலயும் உன் பாத்தியதைய விட்டுக் குடுத்தேன்னா, நாளப்பின்ன நான் அங்கன ஒரு ரூம்பு எடுக்கலாம்."

"எடுத்துக்கோங்க."

"ஏலே, யோசிச்சுச் சொல்லு. சித்திரையில தெருக்குழாயில காத்துதான் வரும்."

"எடுத்துக்கோங்கன்னு சொல்லியாச்சுல்லா!" மகேஸ்வரன் கத்திவிட்டான். வேணி டெலிபோனைத் தூக்கித் தரையில் வைத்தாள்.

பெட்டி கனம். ஒருவனால் முடியாது. அண்ணன் முன்பக்கம் பிடிக்க, தம்பி பின்பக்கம் பிடித்தான். படியிறங்கித் தெருவில் நாலு எட்டு நடந்து மறுபடி படியேறினார்கள். எதிர்வீட்டில் பூத்தொடுத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திப் பார்த்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, பங்கு திரும்புதாக்கும்?" என்று ஒருவர் கேட்டார்.

"சோலியப் பாரும் வே" என்றான் அருணாசலம்.

மகேஸ்வரன் புதுப் பெட்டிகளை எல்லாம் மூலையில் தள்ளினான். பழைய ஜோடியைப் புதுச் சுவருக்கு எதிர்ச்சுவரில், முன்பு நின்ற அதே இடைவெளியில் நிறுத்தினான். கம்பியை மாட்டினான். அண்ணன் போகாமல் வாசற்படியருகே நின்றுகொண்டிருந்தான்.

பாட்டு தொடங்கியது. குரல் இரண்டு பெட்டிகளையும் விட்டு இறங்கி, நடுவே வந்து நின்றது. துளிகூடச் சாயவில்லை. அவ்வளவு காலம் எங்கோ போயிருந்தவள் திரும்பி வந்ததுபோல. மகேஸ்வரன் அடுப்படிப் பக்கம் திரும்பினான். "நீலா" என்று கூப்பிட்டான். "வந்து பாரேன்."

நீலாம்பாள் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். அவன் விரித்திருந்த பாயில் உட்கார்ந்தாள். எதிரே பார்த்தாள். அந்தத் தாழ்ந்த உயரத்திலேயே பார்த்தாள். மகேஸ்வரன் சோற்றுத் தட்டோடு பக்கத்தில் மண்டியிட்டு அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கண்கள் எதையோ தேடின. பிறகு நின்றுவிட்டன.

"இவ இல்ல" என்றாள்.

"என்ன சொல்லுத? அதே பெட்டி. அதே பாட்டு."

"இது வேற யாரோ ஒரு பிள்ளை. நல்லாத்தான் பாடுதா." அவள் மெல்லத் திரும்பி, பட்டாசலைப் பிளந்து நின்ற புதுச் சுவரைக் காட்டினாள். "அவ அங்கனல்லா நின்னா? கொத்தனாரு கட்டும்போது நகரவே இல்ல. நான் வா வான்னு கூப்பிட்டேன். உள்ள வச்சுக் கட்டிட்டாங்க."

வாசலில் நின்ற அருணாசலம் அந்தச் சுவரைப் பார்த்தான்.

தட்டு மகேஸ்வரனின் கையில் சாய்ந்து ரசம் தரையில் ஓடியது. சுவர் எழுந்த நாட்களில் அவள் அடுப்படி நிலையில் நின்றபடி முணுமுணுத்துக்கொண்டிருந்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. கந்தசஷ்டி கவசம் சொல்லுகிறாள் என்று நினைத்திருந்தான். அத்தனை பெட்டிகளையும் அவன் தவறான இடத்தில் நிறுத்தியிருக்கிறான். எவ்வளவு உயர்ந்த பெட்டி வாங்கினாலும் அது ஒரு புதுப் பிள்ளையைத்தான் கொண்டுவரும். நீலாம்பாளுக்கு வேண்டியவள் நின்ற இடத்திலேயே நிற்கிறாள்.

அவன் எழுந்து கிழக்குப் பெட்டியிலிருந்து கம்பியைப் பிடுங்கினான்.

"பிடிங்க அண்ணாச்சி."

"எங்க?"

"உங்க வீட்டுக்குத்தான். இருந்த இடத்துலயே வைக்கணும். ஒரு விரக்கடை மாறக்கூடாது."

"உனக்கும் கோட்டி பிடிச்சிட்டாலே? இதுக்குத்தான கிணத்தக் குடுத்தே?"

"கிணறு உங்களுக்கே இருக்கட்டும். பெட்டி உங்க வீட்டுல நிக்கட்டும். கம்பி மட்டும் சுவத்துல நுழைச்சுக்கிடுதேன். பொதுச்சுவருல்லா, நீங்க சம்மதம் சொன்னாத்தான் துளை போட முடியும்." அவன் கம்பியைச் சுருட்டினான். "தினம் சாயங்காலம் கொஞ்ச நேரம் பாதிப் பாட்டு உங்க வீட்டுல கேக்கும். பொறுத்துக்கிடணும்."

அருணாசலம் தம்பியைப் பார்த்தான். சுவரின் முன்னால் பாயை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்த நீலாம்பாளைப் பார்த்தான். குனிந்து பெட்டியின் முன்பக்கத்தைப் பிடித்தான்.

மறுபடி தெரு. மறுபடி பூத்தொடுப்பவர்கள். வேணி விளக்குமாறோடு நின்றாள். தரையில் பெட்டி நின்றிருந்த இடம் தூசுபடாமல் சதுரமாகத் தெரிந்தது. அதன்மேலேயே இறக்கினார்கள். டெலிபோனை எடுத்து மேலே வைக்கப் போன அருணாசலத்தின் கையை வேணி பிடித்துக்கொண்டாள்.

மகேஸ்வரன் தன் பக்கத்துக்கு வந்து, மேற்குப் பெட்டியை அதன் பழைய இடத்தில் நிறுத்திவிட்டு, சுவரின் அடியில் உளியை வைத்து அடித்தான். சுவர் ஒற்றைச் செங்கல் கனம்தான். கம்பி நுழையும் அளவுக்குத் துளை விழுந்தது. அந்தப் பக்கம் அண்ணனின் விரல்கள் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டன.

பாட்டைப் போட்டான். இந்தப் பக்கம் தாளமும் கொஞ்சம் குரலும். சுவருக்கு அப்பால், போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல, வயலினும் கொஞ்சம் குரலும். காதால் கேட்டால் அது பாட்டே இல்லை. கல்லூரி ஆய்வகத்தில் ஒரு மாணவன் இப்படிச் செய்திருந்தால் மகேஸ்வரன் அவனை வெளியே அனுப்பியிருப்பான்.

நீலாம்பாள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள். உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். ஒரு பிள்ளையின் தலை இருக்கும் உயரத்தில் வைத்தாள். பாட்டு முடியும்வரை கையை எடுக்கவில்லை.

மகேஸ்வரன் இன்னொரு தட்டில் சோறு பிசைந்து கொண்டுவந்தான். ஒரு உருண்டையை வாயருகே நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். நெடுநேரம் மென்றாள். அது தொண்டைக்குள் இறங்குவதை அவன் பார்த்தான். இன்னொன்று நீட்டினான். அதற்குள் அவள் முகம் மாறிவிட்டது.

"அங்கன காத்து வருமா அவளுக்கு?"

மகேஸ்வரன் தட்டைக் கீழே வைத்தான். உளியை எடுத்தான். கம்பித் துளையின் விளிம்பில் வைத்துத் தட்டினான். காரை உதிர்ந்தது. செங்கல் சிவப்பாகத் தெரிந்தது.

"கம்பிதான் வந்தாச்சே" அந்தப் பக்கத்திலிருந்து அண்ணனின் குரல் கேட்டது. "இன்னும் என்னத்தலே குடையுத?"

"கொஞ்சம் காத்து வரட்டும் அண்ணாச்சி."

துளை வழியாக அண்ணன் வீட்டு விளக்கு வெளிச்சம் ஒரு கோடாக வந்து நீலாம்பாளின் மடியில் விழுந்தது. அவன் சுத்தியலை ஓங்கினான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பைய" என்றாள். "பைய. அவ மேல பட்டுரப் போகுது."